எந்த வீட்டுக்கு எந்த மரம்

சிப்பிமுனைக்குப் பனிமூட்டம் வந்தது எந்த வருசம் என்று கேட்டால் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள்; ஐஸ் கம்பெனி மூன்று வாரம் சும்மா கிடந்த வருசம் என்பார் அதன் முதலாளி தஸ்நேவிஸ் மோத்தா, கல்யாணத்துக்குத் தைத்த கோட்டை இரண்டாம் தடவை போட்ட வருசம் என்பார்கள் ஆண்கள், பெண்களிடம் கேட்டால் மட்டும் ஒரே குரலில், அது எமல்டாவுக்குத் தலைக் கிறிஸ்துமஸ் வந்த வருசம் என்பார்கள், அதுதான் சரி.

எமல்டா கொடைக்கானலுக்கும் மேலே, பஸ் இனி போக இடமில்லை என்று திரும்புகிற ஒரு மலைக்கிராமத்துப் பெண். சேக்காளிகளோடு சுற்றுலா போன எங்கள் கிளாடியஸ் பர்னாந்து, எவ்வளவு கடல் ஆடினாலும் வள்ளத்தில் நின்றபடியே சிந்தாமல் டீ குடிக்கிறவன், மலை ரோட்டு வளைவுகளில் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்து ஒரு பூண்டுக் கடை வாசலில் சுருண்டு உட்கார்ந்தபோது, கடைக்குள்ளிருந்து ஒரு பெண் வந்து எலுமிச்சம்பழத்தை இரண்டாக நறுக்கி நீட்டினாள்; பாதிப் பழத்தை மோந்துகொண்டே அவன் அவளைப் பார்த்தான், மீதிப் பாதியைக் கையில் வைத்துக்கொண்டே அவள் அவனைப் பார்த்தாள், ஏழாம் மாதம் எங்கள் இராயப்பர் கோயிலில் கல்யாண ஓலை வாசித்தார்கள், மே மாதம் அவள் சிப்பிமுனைக்கு மருமகளாக வந்து சேர்ந்தாள்.

வந்த நாள் முதல் அவள் வியர்த்தாள். குளித்துவிட்டு வந்ததும் வியர்த்தாள், செபம் சொல்லும்போது வியர்த்தாள், ஐப்பசியில் ஊரெல்லாம் மழைக்கு ஒதுங்கி நின்றபோது அவள் மட்டும் முந்தானையால் விசிறிக்கொண்டு நின்றாள். அதைக்கூட ஊர் பொறுத்துக்கொண்டது. அவள் எல்லா மீனையும் மீன் என்று சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை. எங்கள் ஊரில் மீன் என்று ஒன்று கிடையாது. சீலா உண்டு, ஊளி உண்டு, நகரை உண்டு, பாறையிலேயே பத்து உண்டு. இவள் கூடையைப் பார்த்துவிட்டு, “அக்கா, இன்னைக்கு நிறைய மீனா?” என்று ஆசையாகக் கேட்பாள், அவர்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். ஏழு மாதத்தில் அவளோடு உட்கார்ந்து பேச ஒரு ஆள் சேரவில்லை.

மாமியார் பிரகாசியம்மாள் கெட்டவள் இல்லை. ஆனால் அவள் மாதா சபைத் தலைவி, கைக்கு ஓய்வு இல்லாதவள், அதோடு கோயிலுக்குக் கிறிஸ்துமஸ் மரம் தேர்ந்தெடுக்கிற உரிமை பத்தொன்பது வருடமாக அவளிடம்தான் இருந்தது. எங்களுக்குக் கிறிஸ்துமஸ் மரம் என்றால் சவுக்குதான். கார்த்திகை பிறந்ததும் அவள் வடக்கே இருக்கிற சவுக்குத் தோப்புக்குத் தனியாகப் போவாள், பெண் பார்க்க வந்தவள் மாதிரி ஒவ்வொரு மரத்தையும் முன்னாலும் பின்னாலும் பார்ப்பாள், கூன் இருக்கிறதா, நுனி முறிந்திருக்கிறதா, அக்கம்பக்கத்து மரங்களோடு ஒத்துப்போகிறதா என்றெல்லாம் பார்த்து, கடைசியில் ஒன்றின் இடுப்பில் நீல ரிப்பனைக் கட்டிவிட்டு வருவாள். ரிப்பன் கட்டிய மரத்தை ஆடுகூடக் கடிக்காது.

தலைக் கிறிஸ்துமஸுக்குப் பெண்ணும் மாப்பிள்ளையும் பெண் வீட்டுக்குப் போக வேண்டும். ஆனால் அந்தக் கார்த்திகையில் சீலா கூட்டம் கூட்டமாகக் கரைப்பக்கம் வந்தது, கிளாடியஸ் கடலை விட்டு வர மாட்டேன் என்று சொல்லிவிட்டான். எமல்டா அப்பாவுக்குப் போன் போட்டாள். அப்பா தைரியநாதன் பூண்டு விற்பவர், மிச்ச நேரத்தில் சொந்தப் பட்டா நிலத்தில் மர நாற்று வளர்ப்பவர்.

“நாங்க வரலப்பா. சீலா சீசனாம்.”

“அதுக்கு ஏம்மா அழுகுற? உனக்கு என்ன வேணும், சொல்லு, அனுப்புறேன்.”

“ஒரு மரம் மட்டும் அனுப்புங்கப்பா. நம்ம ஊர் மரம்.”

“எந்த மரம்? சைப்ரஸா, பைனா, அரக்கேரியாவா?”

அவளுக்குச் சொல்ல முடியவில்லை. சைப்ரஸ் என்று சொல்ல வாயெடுத்தால் வீட்டுப் பின்பக்கம் கண்ணுக்குள் வந்தது, பைன் என்று நினைத்தால் பள்ளிக்கூடத்துக்குப் போன சரிவு வந்தது, அரக்கேரியா என்றதும் கோயில் வாசலில் தட்டுத் தட்டாகக் கிளை விரித்து நின்ற அந்த ஒற்றை மரம் வந்தது, அவள் போனை வைத்துக்கொண்டு விம்மினாள். தைரியநாதன் விம்மலை ஒரு பட்டியலாக எடுத்துக்கொண்டார். திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு கழிந்த செவ்வாய்க்கிழமை காலை, வேரோடும் மண்ணோடும் சாக்கில் கட்டிய நாற்பத்தைந்து மரங்களை ஏற்றிக்கொண்டு ஒரு லாரி எங்கள் தெருவுக்குள் பின்பக்கமாக நுழைந்தது.

“இதென்னட்டி, காட்டையே பேத்து அனுப்பிட்டாரா உங்கப்பா?” என்றாள் பிரகாசியம்மாள்.

எமல்டா ஆள் உயரச் சைப்ரஸ் ஒன்றை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்து உள்ளே கொண்டுபோய், ஹாலில் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு வாளிக்குள் நிறுத்தினாள். அடுப்பில் டீ கொதித்து இறங்குவதற்குள் வீட்டில் மூட்டம் இறங்கியது. முதலில் மோட்டுவளையை மறைத்தது, பிறகு திரு இருதயப் படத்தை மறைத்தது, பிறகு காலண்டரை மறைத்தது, அதன்பின் பிரகாசியம்மாள் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சேலையில் துடைத்துப் போட்டுப் பார்த்துவிட்டுத் திகைத்தாள்.

“எனக்குக் கண்ணுல புரை விழுந்துட்டு, ஏட்டி!”

“இல்லை அத்தை, மூட்டம்தான். சைப்ரஸ் வச்சா இறங்கும். கதவைச் சாத்துங்க, வெளியே போயிரும்.”

பிரகாசியம்மாள் கதவைச் சாத்தினாள். ஒரு நிமிடம் கழித்துத் தோளைச் சுற்றி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். மறுநாள் காலை, அடுக்களையில் ஐஸ் வைக்க மறந்துபோன நகரை மீன் நாலும் அப்போதுதான் வலையிலிருந்து எடுத்த மாதிரிக் கண் பளபளக்கக் கிடந்ததைப் பார்த்தாள். அதை அவள் பக்கத்து வீட்டில் சொன்னாள். அதோடு முடிந்தது.

பகல் பன்னிரண்டு மணிக்குள் எமல்டாவின் வாசலில் ஊரே நின்றது. மரம் எல்லோருக்கும் கொடுக்கலாம், அதில் அவளுக்குத் தயக்கம் இல்லை, ஆனால் எந்த வீட்டுக்கு எந்த மரம் என்பதில்தான் கவனம் வேண்டும் என்று அவள் வாசல்படியில் நின்று விளக்கினாள். தெருவில் நிற்கும்வரை எல்லாம் வெறும் மரம்தான். நான்கு சுவருக்குள் போனதும் ஒவ்வொன்றும் தான் பிறந்த இடத்தின் வானிலையைக் கொண்டுவந்துவிடும். சைப்ரஸ் மூட்டத்தைக் கொண்டுவரும். பைன் மூட்டம் கொண்டுவராது, உலர்ந்த குளிர்காற்றைக் கொண்டுவரும், அதில் பிசின் மணக்கும், வீட்டிலுள்ளவர்களுக்கு ஓயாமல் பசிக்கும். அரக்கேரியா தன் கிளைத் தட்டுகளுக்கு நேர்கீழே மட்டும் சன்னமாகத் தூறும், வட்டத்துக்கு வெளியே ஒரு சொட்டு விழாது.

“எங்க மாமனாருக்கு மூச்சு இரைப்பு,” என்றாள் ஒருத்தி.

“அப்ப பைன் எடுங்கக்கா. ஆனா சோறு கூட வைக்கணும்.”

“எங்க வீட்டுக்காரரு சாயங்காலம் ஆனா என்கூடச் சண்டைக்கு வருவாரு. அதுக்கு ஏதும் இருக்கா?”

“அரக்கேரியா கொண்டு போங்க. அவர் உட்காருற நாற்காலியை அதுக்குக் கீழே போட்டுருங்க. நனைஞ்சுக்கிட்டே ரொம்ப நேரம் சண்டை போட முடியாது.”

“எனக்கு ஒரு வியாதியும் இல்லை, சண்டையும் இல்லை,” என்றாள் இன்னொருத்தி வருத்தமாக.

“அப்ப சைப்ரஸ். சும்மா பார்த்துக்கிட்டு இருக்கலாம்.”

இப்படி அவள் ஆள் முகம் பார்த்து, வீட்டு ஜன்னல் எத்தனை என்று கேட்டு, தரை சிமெண்டா டைல்ஸா என்று கேட்டு, அழுகிற பிள்ளை உண்டா என்று கேட்டு, சாக்கு சாக்காகத் தூக்கிக் கொடுத்தாள். கேட்கப் போனவர்கள் உட்கார்ந்தார்கள், உட்கார்ந்தவர்கள் பேசினார்கள், பேச்சோடு பேச்சாக அவளுக்கு மீன்களின் பெயரைச் சொல்லிக்கொடுத்தார்கள், ஒரே வாரத்தில் அவள் வாசலில் ஒரு பெஞ்சு போட வேண்டிவந்தது.

ஊர் எல்லாவற்றுக்கும் பழகிக்கொண்டது. எங்களிடம் ஸ்வெட்டர் கிடையாது என்பதால், கல்யாணத்துக்குத் தைத்து ஒரே ஒரு நாள் போட்டுவிட்டுப் பீரோவில் தொங்கவிட்டிருந்த கோட்டுகளை ஆண்கள் எடுத்து மாட்டிக்கொண்டார்கள். முப்பது வருடத்துக்கு முந்தைய கோட்டு வயிற்றில் பொத்தான் சேராததால் டெய்லர் கடையில் கூட்டம் நெரிந்தது. கைலியும் கோட்டுமாக வீட்டுக்குள் உட்கார்ந்து வலை பின்னுகிற புருசனைப் பார்த்து, கல்யாணத்தன்றுகூட இவ்வளவு லட்சணமாக இல்லையே என்று பெண்கள் வெட்கப்பட்டார்கள். பிரகாசியம்மாள் வீட்டு நகரையைக் கேள்விப்பட்டவர்கள் நெத்திலிக் கூடைகளைச் சைப்ரஸ் மரத்தடியில் வைத்தார்கள். ஐஸ் கம்பெனியில் ஐஸ் பாளங்கள் வாங்க ஆளில்லாமல் அடுக்கடுக்காய் நின்றன, தஸ்நேவிஸ் மோத்தா கோபமாகக் கிளம்பி வந்து எமல்டாவிடம் அரைமணி நேரம் நியாயம் கேட்டுவிட்டு, போகும்போது இரண்டு சைப்ரஸைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார். மாவட்டத்திலிருந்து வந்த ஒரு அதிகாரி மூன்று வீடுகளுக்குள் போய்ப் பார்த்தார், தன் நோட்டில் ‘மூட்டம், வீட்டுக்குள்’ என்று எழுதினார், நான்காவது வீட்டில் பைன் மரத்தடியில் இரண்டு தடவை சாப்பிட்டுவிட்டுப் போனார்.

நாற்பத்தைந்து மரங்களும் தீர்ந்துபோனபின், தைரியநாதன் இன்னொரு லாரி அனுப்பினார். இந்தத் தடவை பைனையும் அரக்கேரியாவையும் கேட்க ஆளில்லை. எல்லோருக்கும் சைப்ரஸ்தான் வேண்டும், ஒரு வீட்டில் இரண்டு வேண்டும். எமல்டா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள், ஒரு தெருவில் ஆறுக்கு மேல் வைத்தால் தாங்காது என்றாள். யார் கேட்டார்கள்?

அப்போதுதான் கோயிலுக்கு எந்த மரம் என்ற பேச்சு கிளம்பியது. இளைஞர் சபை கோயிலுக்கும் சைப்ரஸ்தான் என்றது; குடிலைச் சுற்றி மூட்டம் இறங்கினால் பெத்லகேம் மாதிரியே இருக்கும் என்றார்கள். பெத்லகேமில் மூட்டம் இறங்கியதாக எந்த நற்செய்தியில் இருக்கிறது என்று பிரகாசியம்மாள் கேட்டாள். சவுக்குத் தோப்பில் அவள் நீல ரிப்பன் கட்டி ஒரு மாதம் ஆகியிருந்தது. பங்குச்சாமியார் ஹிலாரி யாரையும் பகைத்துக்கொள்ளாதவர். ஞாயிறு பூசை முடிவில் அவர் மைக்கைத் தட்டிவிட்டு, மரங்களைப் பற்றி நன்றாகத் தெரிந்த எமல்டாவே இருபத்துநாலாம் தேதி காலைப் பூசை முடிந்ததும் கோயிலுக்கான மரத்தைச் சொல்லட்டும், அது எதுவானாலும் ஊர் ஏற்றுக்கொள்ளட்டும் என்று அறிவித்தார்.

பிரகாசியம்மாள் அன்று வீட்டுக்கு வந்து சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள், பேசவில்லை. நடுவில் மூட்டம் இருந்ததால் ஒருவர் முகம் ஒருவருக்குச் சரியாகத் தெரியவும் இல்லை.

“கோவமா அத்தை?” என்று மூட்டத்துக்குள்ளிருந்து எமல்டா கேட்டாள்.

“எனக்கென்ன கோவம்? ஊரே உன்னைக் கேட்டுத்தான் தண்ணி குடிக்கு. நீ எந்த மரத்தைச் சொல்லுவன்னு எனக்குத் தெரியாதாக்கும்.”

“எனக்கே தெரியல அத்தை.”

“தெரியும். உங்க ஊரு மரம் உனக்கு. அதுல தப்பு என்ன இருக்கு? நானா இருந்தாலும் அதைத்தான் சொல்லுவேன்.” அவள் குழம்புச் சட்டியை மூடினாள். “பத்தொன்பது வருசம். ஒரு தடவைகூட எவளும் நல்ல மரம்னு சொன்னதில்லை. ஆனா வேற யாரும் தேர்ந்தெடுக்கணும்னும் சொன்னதில்லை.”

கிளாடியஸ் இருவருக்கும் நடுவே கோட்டோடு உட்கார்ந்து, தட்டை விட்டு நிமிராமல் சாப்பிட்டான்.

இருபத்துமூன்றாம் தேதி மத்தியானம், கிறிஸ்துமஸுக்கு முந்தின கடைசிப் பாடாக வலை போடப் பன்னிரண்டு வள்ளங்கள் கடலுக்குப் போயின, கிளாடியஸின் வள்ளமும் போனது. மறுநாள் விடிந்து ஒன்பது மணிக்குள் கரை திரும்ப வேண்டும். ஆனால் இருபத்துநாலு காலையில் பலகாரத் தட்டோடு வீடு வீடாகப் பெண்கள் போய்வரத் தொடங்கினார்கள், யாரும் யார் வீட்டுக் கதவையும் சாத்தவில்லை, சைப்ரஸ் வைத்த அத்தனை வீட்டு மூட்டமும் வாசல்படி தாண்டித் தெருவுக்கு இறங்கியது. தெருவில் ஒன்று சேர்ந்து, ஒரு வழிநடை ஊர்வலம் மாதிரி மெதுவாகக் கிழக்கே நகர்ந்து, கரையை மூடிக் கடலுக்குள்ளும் அரை மைல் போய் உட்கார்ந்துகொண்டது.

காலைப் பூசை முடிந்து எல்லோரும் வெளியே வந்தபோது கோயில் வாசலிலிருந்து கொடிமரம் தெரியவில்லை. எமல்டாவின் போன் அடித்தது.

“ஏ, எமல்டா,” என்றான் கிளாடியஸ், “ஊரைக் காணோம்.”

“என்ன சொல்றீங்க?”

“இங்கதான் இருக்கணும். ஜி.பி.எஸ் இங்கதான்னு சொல்லுது. பன்னிரண்டு வள்ளமும் பாருக்கு வெளியே நிக்குறோம். கோயில் கோபுரம் தெரியாம எப்படிலா உள்ள வர?”

பார் என்று நாங்கள் சொல்வது கரைக்கு முன்னால் தண்ணீருக்கடியில் கிடக்கிற பாறை வரிசையை. அதன் நடுவில் ஒரே ஒரு வழி உண்டு, வள்ளம் போகிற அகலம்தான், கோயில் கோபுரத்தின் சிலுவையை மூக்குக்கு நேரே வைத்து வந்தால்தான் அந்த வழியில் நுழைய முடியும். எந்த மெஷினும் அதைச் சொல்லாது. வெளியே நின்றுவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. தெற்கே வானம் கறுத்து வருகிறது, அலை தூக்குகிறது, வள்ளங்களை அது மெல்ல மெல்லப் பாரின் பக்கமே தள்ளுகிறது என்று கிளாடியஸ் சொன்னான், சொன்ன குரலில் விளையாட்டு இல்லை.

மணி அடித்தார்கள். மூட்டத்துக்குள் மணிச்சத்தம் நாலு திசையிலிருந்தும் வந்ததால் அடிக்காதீர்கள் என்று கடலிலிருந்தே போன் வந்தது. வீட்டுக் கதவுகளையெல்லாம் சாத்தச் சொன்னார்கள், சாத்தினார்கள். சைப்ரஸ்களை வெளியே எடுத்துப் போடச் சொன்னார்கள், போட்டார்கள். இனிப் புதிதாக மூட்டம் வராது, வந்து உட்கார்ந்தது எப்போது போகும் என்று எமல்டாவைக் கேட்டார்கள்.

“எங்க ஊர்ல காத்து வந்தா போகும்,” என்றாள் அவள். “காத்து வரலைன்னா மூணு நாள்கூட நிக்கும்.”

பன்னிரண்டு வீட்டுப் பெண்கள் அவளைச் சுற்றி நின்றார்கள். ஒருத்தியும் உன்னால்தான் என்று சொல்லவில்லை, சொல்லாமல் நின்றதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அவள் கோயில் கதவில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு, சைப்ரஸை நினைத்தாள், பைனை நினைத்தாள். பைன் காற்று கொண்டுவரும், ஆனால் அது வீட்டுக்குள் மெல்ல உலாவுகிற காற்று, கதவைத் தாண்டாது. பிறகு திடீரென்று கண்ணைத் திறந்து மாமியாரைப் பார்த்தாள்.

“அத்தை, போன வருசம் கோயில்ல சவுக்கு வச்சீங்களே, வச்சதும் என்ன ஆச்சு?”

“என்ன ஆகும்? ஒண்ணும் ஆகலை.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. மூட்டம், மழை, எதுவும் இல்லையா?”

“ஒண்ணும் இல்லைங்கேன்லா.”

“மெழுகுதிரி நிக்காது,” என்றார் கோயில்பிள்ளை மிக்கேல். விளக்கேற்றுவதும் மணி அடிப்பதும் அவர் வேலை. “குடிலுக்கு முன்னால நான் எத்தனை தடவை கொளுத்துனாலும் அணைஞ்சு போகும். பத்தொன்பது வருசமா ஜன்னலை அடைச்சு அடைச்சுப் பார்க்கேன். கிறிஸ்துமஸ் முடிஞ்சு மரத்தை எடுத்த பொறவு தானா நின்னு எரியும்.”

அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. கடற்கரை மரம் கடற்கரை வீட்டுக்குள் கடற்காற்றைக் கொண்டுவந்துகொண்டே இருந்திருக்கிறது, வெளியிலும் அதே காற்று வீசியதால் எங்களில் ஒருத்தருக்கும் அது உறைக்கவில்லை.

இளைஞர் சபைப் பையன்கள் வாசலில் சாய்த்து வைத்திருந்த பன்னிரண்டடிச் சைப்ரஸை எமல்டா ஒரு தடவை பார்த்தாள். அவள் அப்பா அதைத் தனியாகத் துணி சுற்றி அனுப்பியிருந்தார், அவள் பிறந்த வருடம் வைத்த மரத்தின் விதையில் முளைத்தது அது.

“கோயிலுக்குச் சவுக்கு,” என்றாள்.

“எனக்காகச் சொல்லுறியா?” என்றாள் பிரகாசியம்மாள்.

“காத்துக்காகச் சொல்றேன் அத்தை. உங்க மரம் எங்க நிக்குது? சீக்கிரம் வாங்க.”

மூட்டத்துக்குள் சவுக்குத் தோப்பைக் கண்டுபிடிக்கிற ஆள் ஊரில் ஒருத்திதான் உண்டு. பிரகாசியம்மாள் முன்னால் நடந்தாள், ஒருத்தி முந்தானையை ஒருத்தி பிடித்துக்கொண்டு நாற்பது பெண்கள் பின்னால் போனார்கள், அவள் மரங்களைத் தொட்டுத் தொட்டு, நீ இல்லை, நீ இல்லை, நீ அடுத்த வருசம் பார்ப்போம் என்று சொல்லிக்கொண்டே போய், ரிப்பன் கையில் தட்டுப்பட்டதும் நின்றாள். வெட்டினார்கள், தூக்கினார்கள், மாதா மன்றாட்டு மாலையை மூச்சிரைக்கச் சொல்லிக்கொண்டு இருபதடிச் சவுக்கைத் தோளில் சுமந்து கோயிலுக்கு வந்தார்கள். பீடத்துக்கு முன்னால் அதை நிறுத்தினார்கள். காற்று ஒரே வழியாகப் பாயட்டும் என்று ஹிலாரி சாமியார் ஜன்னல்களை எல்லாம் அடைத்தார், கடலைப் பார்த்த பெரிய வாசலை மட்டும் இரண்டு பக்கமும் அகலத் திறந்து வைத்தார்.

முதலில் மெழுகுதிரிகள் அணைந்தன. மிக்கேல் கைதட்டினார். பிறகு பாட்டுப் புத்தகங்கள் பக்கம் புரட்டின, பிறகு சாமியாரின் அங்கி அவர் தலைக்கு மேல் எழும்பியது, பிறகு உப்பு மணத்தோடு ஒரு பெரிய இரைச்சல் கோயிலுக்குள் எழுந்து, தோரணங்களைப் பிய்த்து, பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் தள்ளிக்கொண்டு, வாசல் வழியே வெளியே பாய்ந்தது. அது வாசல் அகலத்துக்கு நேராகக் கிழக்கே போயிற்று. தலையில் சீப்பு வைத்து வகிடு எடுக்கிற மாதிரி மூட்டத்தை நடுவில் பிரித்துக்கொண்டே போய், கரையைக் கடந்து, அலையைக் கடந்து, பாரையும் கடந்தது. இரண்டு பக்கமும் வெள்ளைச் சுவர் மாதிரி மூட்டம் அப்படியே நின்றது.

“ஊரு தெரியுது!” என்று எமல்டாவின் போனுக்குள்ளிருந்து கிளாடியஸ் கத்தியது கோயில் முழுக்கக் கேட்டது.

ஒன்றன்பின் ஒன்றாக வள்ளங்கள் அந்த வகிட்டு வழியே வந்தன. பெண்கள் உரக்க எண்ணினார்கள். ஒன்று, இரண்டு, நாலு, ஏழு. பதினொன்றுக்குப் பிறகு வெகுநேரம் எதுவும் வரவில்லை. எமல்டா இடுப்பளவு தண்ணீரில் போய் நின்றாள், பிரகாசியம்மாளும் அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்று அவள் கையை இறுக்கிப் பிடித்தாள், அலை வந்து இருவரையும் ஒரே நேரத்தில் தூக்கி ஒரே நேரத்தில் இறக்கியது. பன்னிரண்டாவதாகக் கிளாடியஸ் வந்தான். எஞ்சின் பலமாக இருப்பவன் கடைசியில் வர வேண்டும் என்று அவனே சொல்லி மற்றவர்களை முன்னால் விட்டிருந்தான். அவன் வள்ளத்திலிருந்து குதித்ததும் எமல்டா அவன் கோட்டுக் காலரைப் பிடித்து உலுக்கி, அவன் தோளில் கிடந்த ஈரத் துண்டை உருவி அவனை நாலு சாத்துச் சாத்தினாள். ஐந்தாவதைப் பிரகாசியம்மாள் வாங்கிச் சாத்தினாள்.

அந்தக் கிறிஸ்துமஸ் பூசையில் ஒரு மெழுகுதிரியும் எரியவில்லை, ஒருவரும் குறை சொல்லவில்லை.

மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் மலை மரங்களுக்கு நுனியில் சிவப்பு ஏறத் தொடங்கியது. உப்பு ஒத்துக்கொள்ளவில்லை, இங்கே வைத்திருந்தால் பங்குனிக்குள் செத்துப்போகும் என்றாள் எமல்டா. ஊருக்கு மனமே இல்லை. தஸ்நேவிஸ் மோத்தா தன் இரண்டையும் ஐஸ் அறைக்குள் ஒளித்துவைத்துப் பார்த்தார். ஆனாலும் கடைசியில் எல்லா மரங்களும் திரும்பவும் சாக்கோடு லாரி ஏறின. லாரி கிளம்புகிற நேரத்தில் பிரகாசியம்மாள் புதுச் சேலை கட்டி, ஒரு பழைய பெயிண்ட் டப்பாவில் முழங்கால் உயரச் சவுக்கங்கன்று ஒன்றை வைத்து மார்போடு அணைத்தபடி வந்து, டிரைவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

“எங்கம்மா போற?” என்றான் கிளாடியஸ்.

“சம்பந்தி வீட்டுக்கு. பொண்ணு எடுத்த வீட்டை ஒரு தடவை பார்க்க வேண்டாமா? எலுமிச்சம்பழம் நாலு வாங்கிக் குடு.”

எமல்டாவின் அம்மா விசுவாசம் மலையை விட்டு இறங்கினாலே தலை சுற்றுகிறவள். மகள் கல்யாணத்துக்குக்கூடப் பாதி வழி வந்து, மயங்கி விழுந்து, திரும்பிப் போனவள். அதனால் சம்பந்திகள் இருவரும் அதுவரை ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. போன பிரகாசியம்மாள் நாலு நாளில் வருவாள் என்று நினைத்தோம், பத்து நாள் ஆயிற்று, பதினைந்து நாள் ஆயிற்று, ஒரு காலையில் எமல்டா கரையில் ஊளி அறுத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

“அத்தை, எப்ப வர்றீங்க?”

“எப்படி வர? கன்னை உள்ள வச்ச நாள்லேர்ந்து ஒரே காத்து. துவைச்ச துணி வீட்டுக்குள்ளயே காயுது. ஜன்னல் கம்பி எல்லாம் துருப் பிடிக்குன்னு உங்கப்பா மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்காரு. வாசல்ல எனக்கும் வேணும் எனக்கும் வேணும்னு பன்னிரண்டு பேரு நிக்காவ. கன்னு அனுப்பி வை. கூனு இல்லாததாப் பார்த்து அனுப்பு.”

“அம்மா எப்படி இருக்காங்க?”

மறுபுறம் காற்று இரைந்தது. பிரகாசியம்மாள் குரலைத் தணித்துக்கொண்டாள்.

“அவ கன்னு வச்ச ரூமை விட்டு வெளியவே வரமாட்டேங்கா ஏட்டி. காலையில எந்திரிச்சதும் போய்ச் சவுக்குக்கு முன்னால நாற்காலியைப் போட்டு உக்காந்துக்கிடுதா. என் மக இருக்குற ஊரு இப்படியா இருக்கும், இப்படியா இருக்கும்னு கேட்டுக்கிட்டே இருக்கா.”

எமல்டா அறுத்த மீனைக் கீழே வைத்தாள். “நீங்க என்ன சொன்னீங்க?”

“அப்படியே இதேதான் சம்பந்தின்னு சொன்னேன். மீன் வாடை மட்டும் இங்க கொஞ்சம் கம்மி.”